நேர்கோட்டில் ஒரு மலை

கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்துக்கும் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் நடுவே வரைபடத்தில் அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுங்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வரும். விமானக் கணக்கில் 65 நாட்டிகல் மைல். அந்தக் கோடு சாலக்குடி ஆற்றைத் தாண்டி, நெல்லியாம்பதி மலைமேல் ஏறி, கொல்லங்கோட்டுப் பக்கம் இறங்கி, கொழிஞ்சாம்பாறை வழியாகக் கோவைக்குப் போய்ச் சேரும். கொழிஞ்சாம்பாறைக்குச் சற்றுக் கிழக்கே, கேரளத்துக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசும் ஊர்களில் ஒன்றான எருத்தேன்பதி என் ஊர்.

பைலட் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நேவிகேஷன் பாடம் எடுத்தே என் தலை நரைத்தது. விமானத்தை ஓட்டக் கற்றுத் தருபவர் வேறு. எங்கே இருக்கிறோம், எந்தத் திசையில் எவ்வளவு நேரம் போனால் எங்கே போய் நிற்போம் என்று கணக்குப் போடச் சொல்லித் தருவது என் வேலை. முதல் வகுப்பிலேயே இந்தக் கோட்டைப் போடச் சொல்வேன். போட்டதும் யாராவது ஒரு பையன் எழுந்து, “நேராப் போனா நாப்பது நிமிஷம் சார்” என்பான். “கோட்டுக்கு அடியில என்ன இருக்குதுன்னு பாருங்க தம்பி” என்பேன்.

நெல்லியாம்பதியின் பாடகிரி உச்சி 1,585 மீட்டர், அதாவது 5,200 அடி. நெடும்பாசேரி ஓடுபாதை கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. 100 நாட் (மணிக்கு 100 நாட்டிகல் மைல்) வேகத்தில் போகும் சின்ன செஸ்னா விமானம் புறப்பட்ட பதினெட்டு, இருபது நிமிடத்தில் அந்த மலைக்கு வந்துவிடும். அதற்குள் மலையைத் தாண்டும் உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். பகலில் இது ஒரு சிக்கலே இல்லை. மலை கண்ணுக்குத் தெரியும், திருச்சூர் வழியாகச் சுற்றி பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்துவிடலாம். இரவில் மலை தெரியாது. ஜிபிஎஸ் திரையில் கோயம்புத்தூர் என்று தட்டி ‘நேராகப் போ’ என்ற பொத்தானை அழுத்தினால், அது நீங்கள் அடிக்கோல் வைத்து இழுத்த அதே கோட்டைத்தான் போட்டுக் காட்டும்.

எங்கள் பக்கத்து நிலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கே நீலகிரியும் வாளையாற்று மலைகளும், தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும் நிற்கின்றன. நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே இடுக்கி மாவட்டத்து ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்வளவு பெரிய மலைகளுக்கு நடுவே கணவாயின் தரை வெறும் நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். மேல்காற்றுக் காலத்தில் அரபிக்கடல் காற்று முழுவதும் இந்த வாசலில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

இரவில் மேலிருந்து பார்த்தால் இந்த நிலம் மூன்று விதமாகத் தெரியும். கேரளப் பக்கம் வீடுகள் தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளித் தள்ளி இருப்பதால் வெளிச்சம் விட்டுப்போகாமல் பரவிக் கிடக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் ஊர் ஊராகக் கொத்துக் கொத்தாக எரியும், கொத்துகளுக்கு நடுவே காடும் மேடும் இருட்டாக இருக்கும். மூன்றாவது, ஒரு விளக்குகூட இல்லாத கருப்பு. பறம்பிக்குளம், ஆனைமலை, நெல்லியாம்பதிக் காடுகள் அப்படித்தான் தெரியும். என் மாணவர்கள் மனத்தில் முதலில் பதிய வைப்பது இதைத்தான்: எதிரே எரிந்துகொண்டிருந்த ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தால், அங்கே மின்சாரம் போகவில்லை. உங்களுக்கும் அந்த விளக்குக்கும் நடுவே ஏதோ ஒன்று எழும்புகிறது. நம் பக்கத்தில் அது மலையைத் தவிர வேறெதுவாகவும் இருக்க வழியில்லை.

இந்த மலைகளில் வழி தப்பி வந்து மோதிய விமானங்கள் உண்டு. 1950 டிசம்பர் 13 அன்று பம்பாயிலிருந்து கோயம்புத்தூர் நோக்கி வந்த ஏர் இந்தியா டகோட்டா, கோத்தகிரிப் பக்கம் நீலகிரி மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. வழிக் கணக்கில் நேர்ந்த தவறே காரணம். 1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ, சின்னமனூருக்கு மேலே இடுக்கி எல்லையை ஒட்டிய மலையில் மோதியது. மதுரை விமான நிலையம் அங்கிருந்து ஐம்பது மைல் தூரம். இறங்கத் தொடங்கிய விமானத்துக்குக் கீழே ஹைவேவிஸ் மலைகள் இருந்தன. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். அது நடந்தது பகலில், தூரம் மங்கலாகத் தெரிந்த வேளையில்.

கோத்தகிரியில் இறந்தவர்களில் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வால்டுக்கு வயது 48. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுச் சுற்றுப்பயணத்தில் வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழுவில் அவர் போர் விமானங்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். குண்டடிபட்டுத் திரும்பி வந்த விமானங்களின் துளைகளை மட்டும் எண்ணிப் பார்த்து எங்கே கவசம் போடுவது என்று முடிவு செய்தால் தவறிவிடும், திரும்பி வராதவற்றையும் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று கணித வழியில் காட்டினார். இன்று உலகம் முழுவதும் கல்லூரிகளில் நடத்தப்படும் பாடம் அது. அந்தப் பாடத்தைத் தந்த மனிதர் நம் நீலகிரியில், ஒரு வழித்தவறில் இறந்தார் என்பது எனக்கு ஆறாத துக்கம்.

சின்ன விமானம் ஓட்டும் ஒவ்வொருவரும் வால்டைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். “போன மாசம்கூட இந்த வழியாத்தான் வந்தேன், ஒண்ணும் ஆகலை” என்று சொல்பவர்கள் எல்லோரும் திரும்பி வந்தவர்கள். மலையில் மோதியவர் பிளையிங் கிளப்புக்கு வந்து டீ குடித்துக்கொண்டு பேசுவதில்லை. அதனால் பைலட்டுகளின் அனுபவக் கதைகளில் ஆபத்து எப்போதும் குறைவாகத்தான் தெரியும். நாலு தடவை தப்பியதைத் திறமை என்று எண்ணிக்கொள்ள இளவயதில் ரொம்ப நேரம் ஆகாது.

கோத்தகிரியில் விழுந்ததும் சின்னமனூரில் விழுந்ததும் பயணிகள் விமானங்கள். அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் இருந்தார்கள், தரையில் வானொலியில் பேச ஆட்கள் இருந்தார்கள். தனியார் சின்ன விமானத்தில், இரவில், பெரும்பாலும் ஒரே ஒருவர். ஓட்டுவது, திசை பார்ப்பது, மடியில் இருக்கும் சார்ட்டை, அதாவது விமான வரைபடத்தைப் பார்ப்பது, வானொலியில் பேசுவது, எரிபொருள் கணக்கு எல்லாம் அவர் ஒருவர் தலையில்.

சரி, நல்ல அனுபவமும் நல்ல கருவியும் இருந்தால் போதாதா? 2007 நவம்பர் 8 இரவு, அமெரிக்காவில் வட லாஸ் வேகாஸ் விமானத் தளத்திலிருந்து ஒரு செஸ்னா 182 புறப்பட்டது. சிவில் ஏர் பேட்ரோல் என்ற தன்னார்வ அமைப்பின் விமானம் அது. உள்ளே இருந்த இருவரும் பழுத்த விமானிகள். இருவர் அனுபவத்தையும் கூட்டினால் 50,000 மணி நேரத்துக்கு மேல். மேகம் மறைக்கவில்லை, நிலா இல்லை. முன்னால் புத்தம்புதுத் திரைகள், அவற்றில் நகரும் வரைபடம். சில நிமிடங்களில் அந்த விமானம் பொட்டோசி மலையில் நேராகப் போய் மோதியது. விமானம் கடைசி வரை அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. மலை அங்கே இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே மலையில் 1942 ஜனவரி 16 இரவு ஒரு பயணிகள் விமானம் மோதி, ஹாலிவுட் நடிகை கரோல் லொம்பார்ட் உட்பட 22 பேர் இறந்திருக்கிறார்கள். போர்க்காலம் என்பதால் வழிகாட்டும் ஒளிக்கம்பங்களை அணைத்து வைத்திருந்தார்கள். 65 ஆண்டு இடைவெளியில் விமானமும் கருவியும் தலைகீழாக மாறியிருந்தன. மலை நின்ற இடத்திலேயே நின்றது. 2007 விபத்துக்குப் பிறகு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதற்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டது: தெளிவான இரவிலும் மலை தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதி பகல் வெளிச்சத்துக்கானது. இருட்டில் வேலை செய்யும் செல்கள் ஓரங்களில் இருக்கின்றன. அதனால் இரவில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது செல்போன் டார்ச்சை ஒரு தடவை முகத்தில் அடித்தால் அந்த அரை மணியும் வீண். அதனால்தான் காக்பிட்டில் சிவப்பு வெளிச்சம் வைத்தார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் சார்ட்டில் சிவப்பு மையில் அச்சடித்த கோடுகள் மறைந்துபோகும். புதுப் பைலட் இதைத் தரையிலேயே, ஓர் இருட்டறையில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று உண்டு. கருப்பு வெளியில் ஒற்றை விளக்கைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அது நகர்வதுபோலத் தோன்றும். தோட்டத்து மோட்டார் ரூம் விளக்கை வேறொரு விமானம் என்று எண்ணி விலகிப் போனவர்கள் இருக்கிறார்கள். மலைச்சரிவில் ஏறும் எஸ்டேட் விளக்கு வரிசையைத் தொடுவானம் என்று எண்ணி, அதற்குச் சமமாக இறக்கையைச் சாய்த்துப் பறப்பதும் நடக்கும். ஓடுபாதை விளக்கைத் தவிர சுற்றிலும் எதுவுமே இல்லாத இடத்தில் இறங்கும்போது, இருக்கும் உயரத்தைவிட அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி இறக்கிக்கொண்டே போனால் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரை வந்துவிடும்.

காற்றின் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தொழிலில் அறுபதுக்கு ஒன்று என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. திசையில் ஒரு டிகிரி பிசகினால் 60 மைல் போவதற்குள் ஒரு மைல் விலகியிருப்பீர்கள். கொச்சியிலிருந்து கோவைக்கு 65 மைல். மேல்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து 20 நாட் காற்று அடித்தால், 90 நாட் வேகத்தில் போகும் சின்ன விமானத்தை அது ஏறத்தாழ பத்து டிகிரி வலப்பக்கம் தள்ளும். கணக்கில் அதைச் சேர்க்காவிட்டால் போய்ச் சேரும்போது விலகல் இருபது கிலோமீட்டர். கணவாயின் பாதி அகலமே அவ்வளவுதான். அந்த வலப்பக்கம் எது? ஆனைமலை. பகலில் கீழே தெரியும் ரயில் பாதையும் மலம்புழை அணையும் நம்மைத் திருத்திவிடும். இரவில் காற்று தள்ளுவதை யாரும் சொல்ல மாட்டார்கள். புறப்படுமுன் தாளில் போட்ட கணக்கு மட்டும்தான் சொல்லும்.

வழி சரியாக இருந்தும் கடைசி ஐந்து நிமிடத்தில் தவறுவது இன்னொரு வகை. விளக்கு வரிசை கண்ணில் பட்டதும் ‘வந்துவிட்டோம்’ என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கோவையில் பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கம் பக்கம், ஓடுபாதைகளும் ஏறத்தாழ ஒரே திசையில் கிடக்கின்றன. பம்பாயில் சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜுஹுவின் குட்டி ஓடுபாதையில் 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் பெரிய ஜெட் இறங்கி, ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. லண்டனில் ஹீத்ரோ என்று எண்ணி 1960இல் ஒரு போயிங் நார்த்தோல்ட்டில் இறங்கியது. அந்த ஊர்க்காரர்கள் ராட்சத எரிவாயுத் தொட்டிகளின் மேல் எந்தத் தளம் எது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். எளிமையான, அருமையான வேலை. ஆனால் அதுவும் பகலுக்குத்தான். இரவில் காம்பஸ் எண்ணும் ஓடுபாதை எண்ணும் பொருந்துகிறதா, வானொலி உதவிக் கருவி காட்டும் தூரம் சரியா என்று இரண்டு வழியில் உறுதி செய்யாமல் இறங்கக் கூடாது.

உடம்பும் ஏமாற்றும். விமானம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தால், காதுக்குள் இருக்கும் திரவம் அந்தத் திருப்பத்துக்குப் பழகி, நேராகப் போவதுபோலவே உணர்த்தும். அப்போது கருவியைப் பார்த்துத் திருத்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். உடம்பை நம்பினால் மறுபடியும் சாய்த்து, சுழன்று இறங்க வேண்டியதுதான். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்துப் பறக்கப் பழகாத இருபது பேரை வெளியே பார்க்க முடியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் தன் பைப்பர் விமானத்தில் மனைவியையும் அவருடைய அக்காவையும் ஏற்றிக்கொண்டு கடல்மேல் பறந்தார். மூட்டமான இருட்டு, தொடுவானம் இல்லை. கருவிப் பறத்தலுக்கான தகுதியை அவர் பெற்றிருக்கவில்லை. குடும்பக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இருட்டில் திசையுணர்வு தப்பி மூவரும் கடலில் விழுந்து இறந்தார்கள்.

இந்தியாவில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை பறக்கக் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றிப் பறப்பதற்கும் பறத்தல் சங்கங்களின் பயிற்சிக்கும் கட்டுப்பாட்டு அறை அனுமதித்தால் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் இந்தத் தடை இல்லை, நம் ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று வசதியுள்ள தனியார் விமானிகள் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். இந்த விதி இருக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு. இருட்டில் ஊர்விட்டு ஊர் போக ஆசைப்படுபவர் கருவிப் பறத்தலைக் கற்று, தகுதி பெற்று, பறத்தல் திட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். இரவில் பறப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1949 ஜனவரி 30 முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு ஊர்களிலிருந்தும் டகோட்டாக்கள் தபாலோடு இரவில் புறப்பட்டு நாகபுரியில் கூடி, பை மாற்றிக்கொண்டு திரும்பிய நாடு இது. அவை ஆளும் கருவியும் ஒழுங்கும் வைத்துக்கொண்டு பறந்தன.

தகுதி பெற்றவரும் தரையிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. வழியின் ஒவ்வொரு பகுதிக்கும் இரு பக்கமும் இருக்கும் மிக உயர்ந்த உச்சியைச் சார்ட்டில் பார்த்து, மலைநாட்டில் அதற்கு மேல் 2,000 அடி கூட்டி, அந்த எண்ணை முட்டியில் கட்டும் அட்டையில் பெரிதாக எழுத வேண்டும். கொச்சி–கோவை நேர்கோட்டில் நெல்லியாம்பதிக்கு அந்த எண் 7,200 அடி. மலைக்கு வருவதற்குள் அந்த உயரத்துக்கு ஏற முடியாது என்றால் நேர்கோடு வேண்டாம். திருச்சூர், பாலக்காடு, வாளையாறு என்று கணவாய் வழியே வர வேண்டும், அல்லது புறப்பட்ட தளத்தின் மேலேயே வட்டமடித்து ஏறிவிட்டுக் கோவைப் பக்கம் திரும்ப வேண்டும். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் அன்றைய காற்றழுத்தத்தை வைக்க மறந்தால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ முப்பது அடி பிசகும் என்பதும் அதே அட்டையில் இருக்கட்டும்.

அப்படியும் வழி தப்பினால்? முதலில் மேலே ஏற வேண்டும். அடுத்ததாக வானொலியை எடுத்து “நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை” என்று சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறை அலைவரிசை கிடைக்காவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசை இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் எரிபொருளையும் நேரத்தையும் கரைத்துவிடுகிறார்கள். தவறு தெரிந்த பிறகும் வாயைத் திறக்க விடாத அந்த வெட்கத்தைப் போக்குவதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதி. கணக்கை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

அந்த வெட்கத்துக்கு இடம் கொடுக்காத ஒரு விமானியைப் பற்றிச் சொல்கிறேன். இடுக்கியில் வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. பிள்ளைகளின் பயிற்சிக்காக ஒரு சின்ன ஓடுபாதை போட்டார்கள். 650 மீட்டர் நீளம். 2022 ஏப்ரலில் அங்கே இறங்க வந்த சிறு விமானம், ஓடுபாதை முனையில் இருந்த மண்மேடு இடைஞ்சல் என்று கண்டு இறங்காமலேயே திரும்பிப் போனது. ஊர்க்காரர்கள் திரண்டு வந்து காத்திருந்தாலும் விமானி இறங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அங்கே முதல் விமானம் பத்திரமாக இறங்கியது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் பைலட் பயிற்சிக்குப் போகிறார்கள். தென்னந்தோப்பை அடமானம் வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும், சின்ன விமானத்தில் ஏறி உட்காரப்போகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். “இன்னைக்கு இருட்டீருச்சு, நாளைக்குக் காலைல வர்றேனுங்க” என்று ஒரு விமானி போன் செய்தால், அவரிடம் ஏன் என்று கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு நேரமாச்சு, ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறார்கள், முதலாளி திட்டுவார் என்று எதையும் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சரி, தங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள்.